கவிழ்த்து வைத்த திறன்பேசி

அன்புள்ள ஐயா,

கவனச்சிதறல் குறித்துச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தபின்னரே இதை எழுதத் துணிந்தேன். எனக்குத் திருமணமாகி 12 ஆண்டுகள் ஆகின்றன. 10 வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஓராண்டுக்கு முன் ஓர் இரவு உறக்கத்தில் புரண்டு படுத்தபோது எதிர்ச்சுவரில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. நான் விழித்துவிட்டதை உணர்ந்ததும் என் கணவர் திறன்பேசியைக் கவிழ்த்து வைத்தார். கேட்டதற்கு அலுவலக மின்னஞ்சல் என்றார். சில நாட்கள் கழித்து, ஆபாசப் படங்கள் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு அழுதார். இனி பார்ப்பதில்லை என்றார். இதுவரை மூன்று முறை அப்படிச் சொல்லிவிட்டார். இப்போது தனக்கு இருப்பது ஒரு நோய் என்கிறார். என் தோழியோ, எல்லா ஆண்களும் செய்வதுதானே, பெரிதுபடுத்தாதே என்கிறாள். எங்களுக்குள் தாம்பத்தியம் ஏறக்குறைய நின்றுவிட்டது. குறை என்னிடம்தானோ என்ற எண்ணத்தை விலக்க முடியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அவர் உறங்கியபின் தினமும் அவருடைய திறன்பேசியைத் திறந்து பார்க்கிறேன். இதை நோய் என்பதா, பழக்கம் என்பதா, துரோகம் என்பதா? மகனிடம் என்ன பேசுவது? மாமியாரிடம் சொல்லலாமா?

ச.

அன்புள்ள ச.,

நான் மருத்துவன் அல்லன். வாசித்தவற்றையும், இவ்விஷயத்தில் என்னிடம் மனம்விட்டுப் பேசிய சிலரிடமிருந்து தெரிந்துகொண்டவற்றையும் வைத்தே எழுதுகிறேன்.

குறை உங்களிடமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளை நீங்கள் கேட்பதே அதன் சுமையோடுதான். ஆண் எலி ஒரே துணையோடு விடப்பட்டால் சிறிது நேரத்தில் சலித்து ஒதுங்கிவிடும். அந்தக் கூண்டுக்குள் புதிய பெண் எலி ஒன்றை விட்டால் சலிப்பு நீங்கி மீண்டும் எழும். உயிரியலில் இதற்குக் ‘கூலிட்ஜ் விளைவு’ என்று பெயர். மனிதன் எலி அல்லன் என்பது உண்மைதான். ஆனால் புதுமையைக் கண்டதும் கிளர்ச்சி கொள்ளும் இயல்பு நம்மிலும் இருக்கிறது, ஆபாசத் தளங்கள் கட்டப்பட்டிருப்பது முழுக்க அந்த இயல்பின் மீதுதான். அரை மணி நேரத்தில் முப்பது முகங்களைக் கடந்து செல்லும் ஒருவர் எந்த ஒரு பெண்ணையும் உங்களுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த முப்பதில் எவரும் அவருக்குப் போதவில்லை என்பதால்தான் விரல் அடுத்ததற்கு நகர்கிறது. அந்தத் திரையில் தோன்றும் பெண்களில் ஒருத்தியாகவே நீங்கள் இருந்திருந்தாலும் சில நொடிகளில் உங்களையும் கடந்து போயிருப்பார்.

மூளை ஒன்றை வேண்டுவதும் அதில் இன்புறுவதும் வெவ்வேறு என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நரம்பியலாளர் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டு ஆய்வுகளின் வழி காட்டியிருக்கிறார். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் பெரிதும் முதலாவதோடு, அதாவது வேண்டுவதோடு, தொடர்புடையது. அதனால்தான் இன்பம் குறைந்துகொண்டே வரும்போதும் நாட்டம் ஏறிக்கொண்டே போக முடிகிறது. இப்பழக்கத்தில் ஆழச் சென்றிருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “பார்த்த நேரத்தைவிடத் தேடிய நேரம்தான் அதிகம்.” அவர் இரண்டு மணி வரை விழித்திருந்த இரவுகளில் பெரும்பகுதி ஒரு படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொன்றைத் திறப்பதிலேயே கழிந்திருக்கிறது.

இனி, நோய் என்ற சொல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆவது பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்படுத்த இயலாத பாலியல் நடத்தை என்ற கோளாறு அதில் இடம்பெற்றிருக்கிறது. மது, போதைப்பொருள், சூது ஆகியவற்றின் வரிசையில் அதைச் சேர்க்காமல் உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாமை என்ற பிரிவில் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, வேலையையும் உறவையும் உடல்நலத்தையும் கெடுத்து, விட முயன்றும் விட இயலாமல் போனால்தான் அது கோளாறு. செய்வது தவறு என்ற குற்றவுணர்வால் மட்டும் ஒருவர் துன்புற்றால் அதை இந்தக் கணக்கில் கொள்ளக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கணவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் ஓர் உளநல மருத்துவர். நோய் என்கிறாரே, மருத்துவரைப் பார்த்தாரா? கடிதத்தில் அப்படி எந்தத் தகவலும் இல்லை. பார்த்திருந்தால் அடுத்து நான் சொல்வதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பார்க்கவில்லையென்றால், சிகிச்சை இல்லாத நோய் அவருக்குச் சற்று வசதியாக இருக்கிறது என்றே நினைக்க வேண்டியிருக்கிறது.

மூளை சுருங்கிவிடுகிறது என்ற அச்சமூட்டும் பேச்சுகளை நீங்கள் கேட்டிருக்கலாம். அதற்கு அடிப்படையாகப் பெரும்பாலும் காட்டப்படுவது பெர்லினில் 64 ஆண்களைக் கொண்டு செய்யப்பட்டு 2014இல் வெளியான ஆய்வு. அதிக நேரம் பார்ப்பவர்களின் மூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதி சற்றுச் சிறியதாக இருந்தது. பார்த்ததால் சிறுத்ததா, சிறியதாக இருந்ததால் அதிகம் பார்த்தார்களா என்பதை அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. அதைச் செய்தவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஒருவரைத் திருத்துவதற்காக அரைகுறை அறிவியலைக் கையிலெடுத்தால், அது பொய் என்று தெரியவரும் நாளில் அவர் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடுவார்.

உங்கள் தோழி சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. பலர் பார்க்கிறார்கள், பெண்களும் பார்க்கிறார்கள், அதனால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லாமல் வாழும் தம்பதியரும் இருக்கிறார்கள். ஆனால் ஊரெல்லாம் செய்கிறது என்பது உங்கள் படுக்கையறையில் நடப்பதற்குப் பதிலாகாது. திருமணமான அமெரிக்கர்களிடம் 2006 முதல் 2014 வரை மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பைச் சமூகவியலாளர்கள் ஆராய்ந்தபோது, இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆபாசப் படம் பார்க்கத் தொடங்கியவர்கள் மணவிலக்குப் பெறும் வாய்ப்பு 6 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக, ஏறத்தாழ இருமடங்காகத் தெரிந்தது. படம்தான் மணவாழ்வை உடைத்தது என்று இதற்குப் பொருளில்லை. உடையத் தொடங்கிய மணவாழ்விலிருந்து படத்துக்குள் போனவர்களும் அதில் இருப்பார்கள். உங்கள் வீட்டில் எது முதலில் வந்தது என்பதை நீங்கள் இருவரும் மட்டுமே அறிய முடியும், அதுவும் பேசினால் மட்டுமே.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்தவை இரண்டு காட்சிகள். நீங்கள் விழித்ததும் அவர் திறன்பேசியைக் கவிழ்த்து வைக்கிறார். அவர் உறங்கியதும் நீங்கள் அதே திறன்பேசியை நிமிர்த்தித் திறக்கிறீர்கள். ஒரே கட்டிலில், ஒரே கருவியை வைத்துக்கொண்டு, இருவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் தெரியாமல் விழித்திருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று முறை வாக்குறுதி உடைந்தபின் எவருக்கும் அந்தக் கை நீளும். ஆனால் அந்தத் தேடலில் என்ன கிடைத்தால் உங்களுக்கு நிம்மதி வரும் என்று யோசித்துப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அழித்துவிட்டார் என்று தோன்றும், இருந்தால் உறக்கம் போகும். எது கிடைத்தாலும் மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். அவருடைய பழக்கத்தின் அதே வடிவத்தை அது உங்களிடமும் எடுத்துவிட்டிருக்கிறது.

துரோகமா என்று கேட்டீர்கள். படத்தைப் பார்த்ததை நான் அப்படி அழைக்கத் தயங்குவேன். “அலுவலக மின்னஞ்சல்” என்றதை அழைக்கத் தயங்கமாட்டேன். இதே நிலையில் இருந்த பெண்கள் சிலர் என்னிடம் சொன்னதும் இதுதான்: கண்டதைவிட, கண்டபின் பழைய நாட்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, அன்று தலைவலி என்றாரே, அந்த வாரம் வேலை அதிகம் என்றாரே என்று மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருந்ததுதான் கொடுமையாக இருந்திருக்கிறது. ஆகவே அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இனி பார்க்கமாட்டேன் என்ற நான்காவது வாக்குறுதியை அல்ல. பார்த்துவிட்ட நாளில், நீங்கள் கேட்பதற்கு முன், தானாக வந்து சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அவர் அதற்கு ஒப்புக்கொண்டால், நீங்கள் அவருடைய திறன்பேசியைத் தொடுவதில்லை என்று சொல்லலாம். முதல் சில வாரங்கள் இருவருக்கும் கடினமாகத்தான் இருக்கும். பகலில், படுக்கையறைக்கு வெளியே, மகன் வீட்டில் இல்லாதபோது பேசுங்கள்.

மகனைப் பொறுத்தவரை காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பிள்ளைகள் முதன்முதலாக ஆபாசப் படத்தைக் காணும் சராசரி வயது 13. பத்தில் ஒரு பிள்ளை ஒன்பது வயதுக்குள்ளாகவே கண்டுவிடுகிறது. காண்பது என்ன என்பதும் முக்கியம். அதிகம் விற்பனையான படங்களிலிருந்து 304 காட்சிகளை எடுத்து ஆராய்ந்த, 2010இல் வெளியான ஓர் ஆய்வில், பிட்டத்தில் அறைவதிலிருந்து தொண்டை திணறச் செய்வது வரை ஏதோ ஒரு வகை உடல் வன்முறை 88 சதவீதக் காட்சிகளில் இருந்தது; அதற்கு ஆளானவர்கள் மிகப் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் அதை விரும்புவதாகவோ பொருட்படுத்தாததாகவோதான் காட்டப்பட்டிருந்தார்கள். வேறெதுவும் அறியாத ஒரு சிறுவன் உடலுறவு என்றால் இதுதான் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அவனிடம் நீண்ட உரை தேவையில்லை. “உடையில்லாத ஆட்கள் உள்ள படம் எங்காவது கண்ணில் பட்டால் என்னிடம் சொல், உன்னைத் திட்டமாட்டேன். அது நடிப்பு, உண்மையில் மனிதர்கள் ஒருவரையொருவர் அப்படி நடத்துவதில்லை” என்று சொன்னால் இப்போதைக்குப் போதும். திட்டமாட்டேன் என்று சொன்னபின் திட்டக் கூடாது. முடிந்தால் இதை அவனுடைய அப்பாவே சொல்லட்டும். அவரால் சொல்ல முடிகிறதா என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

மாமியாரிடம் சொல்ல வேண்டாம். நாளை உங்கள் கணவர் இதிலிருந்து முற்றிலும் வெளியே வந்துவிட்டாலும் அவர் தன் தாயின் முகத்தை நேராகப் பார்க்க முடியாது, அந்தக் கோபம் உங்கள் மீதுதான் திரும்பும். தோழியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்பதை மட்டும் கணவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அதுவும் முதல் பேச்சிலேயே.