மனநோய்க்கு டாக்டர் வைக்கும் பெயர் நாட்டுக்கு நாடு மாறுமா? மாறினால் அதை எப்படி நம்புவது?

மாறும். எவ்வளவு மாறும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

1960-களில் அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதப்பட்டவர்கள் ஏராளம். இங்கிலாந்தில் மனச்சோர்வும் பித்தும் (மேனியா, அதாவது கட்டுக்கடங்காத உற்சாகம்)தான் அதிகம். நோயாளிகள் வேறா, டாக்டர்கள் வேறா? நியூயார்க்கிலும் லண்டனிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒரே ஆய்வுக்குழு, ஒரே கேள்வித்தாளை வைத்து விசாரித்தது. மனச்சிதைவில் இருந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. வித்தியாசம் டாக்டர்களிடம்தான்.

பேட்டி வீடியோக்களையும் இரு நாட்டு மனநல மருத்துவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். அதில் ஓர் இளைஞர்: உடல்ரீதியான காரணமே இல்லாமல் ஒரு கை முடங்கியிருந்தது, மனநிலை ஏறி இறங்கும், குடியும் உண்டு. அமெரிக்கர்களில் 69% பேர் மனச்சிதைவு என்றார்கள். பிரிட்டிஷாரில் 2%!

காரணம் டாக்டர்கள் பயின்ற சிந்தனை மரபு. ஃப்ராய்ட் வழி வந்த உளப்பகுப்பாய்வில் ஊறிய அமெரிக்கர்களுக்கு, மனச்சிதைவு என்று சொல்ல ஒதுங்கியிருப்பதும் தெளிவில்லாத பேச்சுமே போதும். பிரிட்டிஷார் தன்னைப் பற்றிக் குரல்கள் பேசிக்கொள்வது, பிறர் எண்ணம் தலைக்குள் திணிக்கப்படுவது போன்ற திட்டவட்டமான அறிகுறிகளைத் தேடினார்கள். மருந்துக்கும் பங்குண்டு. பித்துக்கான மருந்தான லித்தியத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1970-ல்தான். அதுவரை பித்தையும் மனச்சிதைவையும் பிரித்துப் பார்த்தாலும் சிகிச்சை பெரிதாக மாறாது.

1980-ல் வந்த டிஎஸ்எம்-3 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு, அறிகுறிகளின் எண்ணிக்கையும் கால அளவும் வைத்து ஒவ்வொரு நோயையும் வரையறுத்துக் கட்டிப்போட்டது. மனச்சிதைவு என்றால் குறைந்தது 6 மாதம். டாக்டர்களுக்குள் ஒத்துப்போவது கூடியது. ஆனால் ஒத்துப்போவதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல. சீனாவின் ஹுனானில் 'நரம்புத் தளர்ச்சி' என்று சிகிச்சை பெற்ற 100 பேரை அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் க்ளைன்மன் ஆராய்ந்தபோது, 87 பேர் அமெரிக்க அளவுகோலில் மனச்சோர்வுக்குள் வந்தார்கள். அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை, அசதி. சீன டாக்டர்கள் வைத்த பெயர் சரியா, அமெரிக்க அளவுகோல் சரியா என்று கேட்டால், என் கணக்கில் இரண்டுமே அரைகுறை.

நம்புவதைப் பற்றி: உயர் ரத்த அழுத்தம் என்று சொல்லும் எல்லையைக்கூட 2017-ல் அமெரிக்க இதயநல அமைப்புகள் 140-லிருந்து 130-க்கு இறக்கின, அதற்காக யாரும் அந்த நோயே பொய் என்பதில்லை. டாக்டர் மாறும்போது நோயின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, எத்தனை வாரம் நீடித்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், அதில் எது கேட்டது என்று எழுதிக் கொடுங்கள். பெயரைப் புது டாக்டர் மாற்றலாம், இந்த விவரங்கள் மாறாது.