தரம் 3 பிள்ளைகளுக்கு வரலாற்று வாசிப்பு

வணக்கம் ஆசிரியர் அவர்களே. உங்கள் தரம் 3 பிள்ளைகள் வரலாற்று நூலின் இரண்டாம் பக்கத்திலேயே சோர்ந்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். அவர்கள் நாள்தோறும் காணும் தேயிலையிலிருந்து தொடங்குங்கள். தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத்தின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்ப் பக்கத்திலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்ததையும், 1867இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதையும், 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை மெல்ல அழித்ததையும் ஒவ்வொரு பந்தியாக, வரைபடத்துடன் வாசிக்கக் கொடுங்கள். வாசிக்குமுன் பிள்ளைகளே ஒரு கேள்வியை எழுப்பட்டும். விடை இருக்கும் வரியை அவர்களே விரலால் தொட்டுக் காட்டட்டும். ஆண்டுகளை மனனம் செய்விக்க வேண்டாம். அந்த நடைப்பயணத்தில் பலர் மாண்டதை மட்டும் தயவுசெய்து மறைத்துவிடாதீர்கள்; பிள்ளைகளுடைய முன்னோரின் கதை அது, நிதானமாகச் சொன்னால் அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். வீட்டில் பாட்டி சொல்வதை நூலுடன் ஒப்பிட்டுப் பேசவும் அவர்களுக்கு இடமளியுங்கள்.