சாட்சிக் கையெழுத்து

வணக்கம் ஐயா,

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி விஷயத்தில் 'அரசு ஆய்வு' என்றதும் நம்பிவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் இருபது வருஷமாக உரக்கடை வைத்திருக்கிறேன். களைக்கொல்லி வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் 'இதை அடித்தால் கேன்சர் வருமாமே?' என்கிறார்கள். அமெரிக்க அரசாங்கமே பயமில்லை என்று சொல்லிவிட்டது என்பேன். கம்பெனிக்காரன் பேச்சை நம்ப வேண்டாம், சரி. அரசாங்க விஞ்ஞானி எதற்குப் பொய் சொல்லப்போகிறார்? அத்தனை பேரையும் விலைக்கு வாங்கிவிட முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

வாங்கவே வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஒரு பூச்சிமருந்தையோ களைக்கொல்லியையோ பதிவு செய்ய, நச்சுச் சோதனைகளைத் தன் செலவில் நடத்திச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் கொடுக்க வேண்டியது கம்பெனிதான். முகமையின் விஞ்ஞானி பெரும்பாலும் எலியைப் பார்ப்பதில்லை, எலியைப் பற்றிய காகிதத்தைத்தான் பார்க்கிறார். 1976இல் ஏட்ரியன் கிராஸ் என்ற அரசு நோயியலாளர் நேரிலேயே போய்ப் பார்த்தார், இல்லினாய் மாநிலத்தில் இருந்த ஐபிடி என்ற சோதனைக்கூடத்தை. பல பூச்சிமருந்துகளுக்குச் சான்று வந்த இடம் அது. பதிவேட்டில் எலிகளுக்கு நேரே புரியாத ஒரு சுருக்கெழுத்து. என்னவென்று விசாரித்தால், 'மிகவும் அழுகிவிட்டது' என்று அர்த்தமாம்! 1983இல் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

அது பச்சை மோசடி, அதனால் பிடிபட்டது. கிளைபோசேட் கதை கொஞ்சம் நாசூக்கானது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பார்த்திருப்பீர்களே, எழுதியவர் ஒருவர் இருப்பார், ஒரு வரிகூடப் படிக்காமல் சாட்சிக் கையெழுத்துப் போட இன்னொருவர் வருவார். 2000இல் வில்லியம்ஸ், க்ரோஸ், மன்ரோ என்ற மூவர் பெயரில், கிளைபோசேட்டால் மனிதர்களுக்கு ஆபத்தில்லை என்று ஒரு கட்டுரை வந்தது. மூவரும் கிளைபோசேட்டை விற்ற மான்சான்டோ கம்பெனியின் ஊழியர்கள் இல்லை. அரசு அமைப்புகள் அதை மேற்கோள் காட்டின. 2017இல் வழக்குகள் வழியாகக் கம்பெனியின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 2015இல் அங்கிருந்த வில்லியம் ஹெய்டன்ஸ் எழுதியது: நாமே எழுதிவிட்டால் செலவு குறையும், வெளி விஞ்ஞானிகள் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும், 2000 கட்டுரையையும் அப்படித்தானே செய்தோம். கம்பெனி இதை மறுத்தது. வெளியிட்ட ஆய்விதழ் 2025இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. இருபத்தைந்து வருஷம் கழித்து!

இப்போது உங்கள் அரசாங்க விஞ்ஞானியிடம் வருவோம். சுற்றுச்சூழல் முகமையில் ஜெஸ் ரௌலண்ட் என்று ஓர் அதிகாரி இருந்தார், புற்றுநோய் மதிப்பீட்டுக் குழுவின் தலைவர். அமெரிக்காவின் இன்னொரு சுகாதார அமைப்பு கிளைபோசேட்டைத் தனியாக ஆராயக் கிளம்பியபோது, 'இதை நான் நிறுத்திவிட்டால் எனக்குப் பதக்கமே கொடுக்க வேண்டும்' என்று அவர் சொன்னதாக மான்சான்டோ ஊழியர் ஒருவர் 2015இல் எழுதியிருக்கிறார். அடுத்தவர் எழுதியதுதான், அவர் வாய்ப்பட நாம் கேட்கவில்லை. பணம் கைமாறியதாகவும் அதில் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உறுத்துவது அந்தப் பேச்சில் இருக்கும் ஒட்டுறவுதான். வருஷக்கணக்காக ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் யாருக்கும் வந்துவிடும்.

அதற்காக, கிளைபோசேட் அடித்தால் புற்றுநோய் வந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' என்றது. ஐரோப்பா 2023இல் மேலும் பத்து வருஷத்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 'அமெரிக்க அரசாங்கமே சொல்லிவிட்டது' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். சுற்றுச்சூழல் முகமையின் அந்த முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜூனில் ரத்து செய்துவிட்டது.

அப்புறம் ஒன்று. அதே வருஷம் அக்டோபரில், மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் ஆபத்து என்று காரணம் காட்டி, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட் அடிக்கக் கூடாது என்று நம் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. அதுவும் அரசாங்கம் சொன்னதுதான். வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொல்கிறீர்களா?