செயற்கை நுண்ணறிவு மிச்சப்படுத்தும் நேரம் குழுவினருக்குப் போய்ச் சேருமா?

கேள்வி: நான் 11 பேர் கொண்ட குழுவின் மேலாளர். வாராந்திர அறிக்கை, கூட்டக் குறிப்பு, மின்னஞ்சல், பணி அட்டவணை என்று எழுத்து வேலையிலேயே நாள் கழிந்துவிடுகிறது. குழுவினரோடு நிதானமாகப் பேசிப் பல மாதங்கள் ஆகின்றன. இப்போது நிறுவனம் எங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றைத் தந்திருக்கிறது. அதை வைத்து என் குழுவினருக்கு நேரம் ஒதுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? தங்களைக் கண்காணிக்கத்தான் இது வந்திருக்கிறது என்று குழுவில் சிலர் அஞ்சவும் செய்கிறார்கள்.

பதில்: முடியும். ஆனால் கருவி மிச்சப்படுத்தும் நேரம் தானாகவே குழுவினரிடம் போய்ச் சேராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறிக்கை எழுதும் நேரம் பாதியாகக் குறைந்தால் இன்னும் இரண்டு அறிக்கைகள் கேட்கப்படும். மின்னஞ்சலுக்கு விரைவாகப் பதில் போனால் மின்னஞ்சல் முன்பைவிட அதிகமாக வரும். பல மேலாளர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன்பே, மிச்சமாகப்போகும் நேரம் யாருக்கு உரியது என்று நாட்காட்டியில் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். 11 பேருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலா 30 நிமிடத் தனிச் சந்திப்பு என்று கணக்கிட்டால், வாரத்துக்குச் சராசரியாக 2 மணி 45 நிமிடம்தான் ஆகிறது. கருவியிடமிருந்து நீங்கள் மீட்டெடுக்க வேண்டியது இவ்வளவே.

உங்கள் நாள் துண்டுதுண்டாகச் சிதறுவது உங்கள் திறமைக் குறைவால் அன்று. மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 5 தலைமை நிர்வாகிகளின் அன்றாட வேலையை நேரில் கவனித்து 1973-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் செய்த வேலைகளில் பாதி 9 நிமிடங்களுக்கும் குறைவாகவே நீடித்தன என்று காட்டினார். மின்னஞ்சல் அலுவலகங்களுக்குள் வருவதற்கு முன்பே நிலைமை அப்படித்தான் இருந்தது.

எந்த வேலையைக் கருவியிடம் கொடுப்பது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. தகவல் ஏற்கெனவே உங்கள் கையில் இருந்து, அதை ஒழுங்குபடுத்தி எழுதுவது மட்டுமே மிச்சமாக இருந்தால், அது கருவிக்கு உரிய வேலை. குழுவினர் அனுப்பிய சிறு குறிப்புகளைக் கொடுத்து, முடிந்தவை எவை, தாமதமானவை எவை, யாருடைய வேலை யாருக்காகக் காத்திருக்கிறது என்று பிரித்து வாராந்திர அறிக்கையின் வரைவைக் கேட்கலாம். நாற்பது பதில்கள் கொண்ட மின்னஞ்சல் தொடரில் உங்களிடம் கேட்கப்பட்டிருப்பது என்ன என்று கேட்கலாம். வந்த வரைவைக் கட்டாயம் படித்துப் பார்க்க வேண்டும். அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்தே இவ்வகைக் கருவிகள் எழுதுவதால், தவறான எண்ணையும் தயக்கமில்லாத நல்ல வாக்கியத்தில் எழுதிவிடும். படித்துச் சரிபார்க்கும் நேரத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான மிச்சம்.

கூட்டக் குறிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், வேலையை முடிக்கும் தேதியைப் பத்து நாள் முன்னே கொண்டுவருவது பற்றிப் பேசினோம். கருவி எழுதிய சுருக்கத்தில் 'புதிய தேதியைக் குழு ஏற்றுக்கொண்டது' என்றிருந்தது. பேசியவற்றைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை. ஆனால் அந்த வேலையின் பெரும்பகுதியைச் சுமக்க வேண்டிய பெண் கூட்டம் முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்தது சுருக்கத்தில் எங்கும் இல்லை. சுருக்கத்தை நம்பி நானும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தத் தேதிக்கு வேலை முடியாது என்பது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்துகொண்டேன். அன்றிலிருந்து குறிப்பெடுப்பதைக் கருவியிடம் விட்டுவிட்டு, கூட்டத்தில் யார் பேசவில்லை என்பதை மட்டும் நான் குறித்துக்கொள்கிறேன். கை ஓய்ந்தால்தான் முகங்களைப் பார்க்க முடிகிறது.

கருவியின் உதவி எனக்கு மிகுதியாகப் பயன்பட்டது, தனிச் சந்திப்புக்கு முன்னால் செய்யும் ஆயத்தத்தில்தான். ஒருவரோடு முந்தைய சந்திப்புகளில் பேசியதைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளைப் பெயரை நீக்கிவிட்டுக் கொடுத்து, 'நான் வாக்களித்து இன்னும் செய்யாதது எது? திரும்பத் திரும்ப வந்தும் முடிவு காணாத பேச்சு எது?' என்று கேளுங்கள். 'பயிற்சி வகுப்பு பற்றி மூன்று சந்திப்புகளில் பேசப்பட்டுள்ளது; முடிவு எதுவும் குறிக்கப்படவில்லை' என்று ஒரு வரி வரக்கூடும். அதை வைத்துக்கொண்டு, 'அந்தப் பயிற்சி வகுப்பை மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், நான்தான் பதில் சொல்லாமல் இருக்கிறேன்' என்று பேச்சைத் தொடங்கினால், எதிரில் இருப்பவருக்குத் தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பது புரிந்துவிடும். கடினமான பேச்சுகளுக்கு ஒத்திகையும் பார்க்கலாம். 'உங்களுக்கு வேலையில் அக்கறை குறைந்துவிட்டது' என்று நீங்கள் எழுதும் தொடக்கத்தைக் கொடுத்து, கேட்பவர் நிலையிலிருந்து பதில் சொல்லச் சொல்லுங்கள். அது எப்படிக் குத்துகிறது என்பது உடனே தெரியும். 'கடந்த மாதம் மூன்று வேலைகள் சொன்ன நாளைத் தாண்டித்தான் முடிந்தன, எது தடையாக இருந்தது?' என்று மாற்றிப் பாருங்கள். சந்திப்புக்குள் நுழையும்போது மட்டும் கருவியை வெளியே வைத்துவிடுங்கள்.

ஆண்டு மதிப்பீட்டில் நான் கண்டிப்பானவன். ஆண்டு முழுவதும் எழுதிவைத்த குறிப்புகளைத் திரட்டித் தரக் கருவியைப் பயன்படுத்துவது நல்லது. கடைசி இரண்டு மாதங்களை மட்டும் நினைவில் வைத்து மதிப்பிடும் நம் பழக்கத்தை அது தடுக்கும். மதிப்பீட்டு வாக்கியங்களை நீங்களே எழுதுங்கள். 'தொடர்ந்து ஈடுபாட்டுடன் செயல்படுகிறார்' என்ற யாருக்கும் பொருந்தும் வரியைப் படிக்கும் ஊழியர், அதை எழுதியது யார் என்பதை எளிதில் ஊகித்துவிடுவார். ஆட்களைத் தரவரிசைப்படுத்தும் வேலையைக் கருவியிடம் கொடுக்கவே கூடாது. அமேசான் நிறுவனம் சோதித்துப் பார்த்த ஆள்தேர்வுக் கருவி, பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வந்திருந்த பழைய விண்ணப்பங்களைப் படித்துப் பழகியதால் பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அது கைவிடப்பட்ட செய்தி 2018-இல் வெளியாயிற்று. பழைய பாரபட்சத்தைக் கருவி கணக்காக்கித் திருப்பிக் கொடுக்கும்.

உங்கள் குழுவினரின் அச்சம் நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளைக் கருவி கொண்டு ஊகிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. அச்சத்துக்கு இடமிருப்பதால்தான் சட்டம் வந்தது. எனவே கருவியைப் பயன்படுத்தத் தொடங்கும் நாளிலேயே குழுவை அழைத்து, எந்தத் தகவல் அதற்குள் போகும், எது போகாது என்று சொல்லிவிடுங்கள். தனிச் சந்திப்புகள் ஒலிப்பதிவு செய்யப்படமாட்டா, உடல்நலமும் குடும்பமும் ஊதியமும் அதில் உள்ளிடப்படமாட்டா என்று உறுதி கொடுங்கள். அவரவரைப் பற்றிய குறிப்புகளை அவரவர் கேட்டால் காட்டுங்கள். குறிப்புகளை உள்ளிடுவதற்கு நிறுவனம் அனுமதித்த கருவியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

புதியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 5,179 வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களைக் கொண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், செயற்கை நுண்ணறிவுத் துணையோடு வேலை செய்தவர்களின் உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதமும், அனுபவமும் திறனும் குறைந்தவர்களின் உற்பத்தித்திறன் 34 சதவீதமும் உயர்ந்தது. தேர்ந்தவர்களின் வழிமுறைகளைக் கருவி புதியவர்களுக்குக் கைமாற்றியதாக ஆய்வாளர்கள் கருதினார்கள். அப்படியானால் உங்களிடம் வந்துகொண்டிருந்த சிறு சந்தேகங்கள் இனிக் கருவியிடம் போகும். நேரம் மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிறு சந்தேகம்தான் கூச்சமுள்ள புதியவர் உங்கள் மேசைக்கு வருவதற்கு இருந்த ஒரே சாக்கு. எனவே புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் சில மாதங்களுக்கு வாரந்தோறும் நீங்களே அழைத்துப் பேசுங்கள்.

ஆறு வாரம் கழித்து உங்கள் நாட்காட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒதுக்கிய தனிச் சந்திப்புகளில் எத்தனை உண்மையில் நடந்தன, எத்தனை வேறு வேலைக்காகத் தள்ளிப்போயின என்று எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளிப்போயிருந்தால், புதிதாக முளைத்த வேலைகள் எவை என்று பட்டியலிட்டு உங்கள் மேலதிகாரியிடம் எடுத்துச் செல்லுங்கள். அந்த நேரத்தை எந்தக் கருவியாலும் உங்களுக்கு மீட்டுத் தர முடியாது, அவரால்தான் முடியும்.