"சோம்பேறி"ன்னு திட்டினாத்தான் எழுந்திருக்க முடியுது: மனச்சோர்வு, கேள்வி பதில்

மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நாளைத் தள்ளுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு உளவியல் ஆலோசகரின் பதில்கள்.

கோவை வாசகி: காலையில எழுந்திருக்கவே முடியல மேடம். என்னை நானே திட்டித்தான் எழுப்புறேன். "உங்ககிட்ட நீங்களே பரிவா இருங்க"ங்கிறாங்க. அப்படி இருந்தா இன்னும் சோம்பேறி ஆயிட மாட்டேனா?

"ஐயோ பாவம் நான்" என்று உட்கார்ந்துவிடுவது சுயபச்சாதாபம். சுயபரிவு அதுவல்ல. இதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் மூன்று கூறுகளைச் சொன்னார்: நடப்பதை மிகைப்படுத்தாமல் பார்ப்பது, இது எனக்கு மட்டும் வந்ததல்ல என்று உணர்வது, தன்னிடம் கனிவாக இருப்பது. ஒரு நோட்டில் இதை மூன்று வரியாக எழுதலாம்.

முதல் வரியில் நடந்தது மட்டும்: "மணி 10. இன்னும் படுக்கையில்தான்." அதில் "எப்பவும்", "எதுக்குமே" வந்துவிட்டால் அடித்துவிடுங்கள். இரண்டாவது: "மனச்சோர்வு வந்த பலருக்குக் காலைதான் மோசமான நேரம்." மூன்றாவதில் ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரே வேலை: "பல் தேய்க்கணும்."

பலரும் சறுக்குவது இரண்டாவது வரியில்தான். "நான் அற்புதமானவள்" என்று எழுதுவார்கள். சோர்ந்த மனது அதை ஒரு நொடிகூட நம்பாது, "பொய்"யென்று திருப்பி அடிக்கும். உண்மையை மட்டும் எழுதுங்கள். இதே நிலையில் உங்கள் தோழி போன் செய்தால் என்ன சொல்வீர்களோ, அதே தொனி போதும். அடுத்த சறுக்கல், மூன்றாவது வரியில் ஒரு மணி நேர வாக்கிங் போடுவது. முடியவில்லையா, பாதியாக்குங்கள். அதுவும் முடியவில்லையா, செருப்பு மாட்டிக்கொண்டு வாசல்வரை. மனசு வந்ததும் செய்யலாம் என்று காத்திருந்தால் வராது. இந்த நோயில் வேலை முன்னால் போகும், மனசு பின்னால்தான் வரும்.

திருநெல்வேலி வாசகர்: மனைவிக்கு மனச்சோர்வு. தினமும் "தைரியமா இரு"ன்னுதான் சொல்றேன். அதுக்கே கோபப்படுறா.

அவர் காதில் அது "நீ கோழை" என்றுதான் விழுகிறது. "என்ன வேணும்?" என்று கேட்பதும் சுமைதான், ஏனென்றால் முடிவெடுப்பதே இப்போது பெரும்பாடு. இரண்டில் ஒன்றைக் கேளுங்கள்: "ரசம் வைக்கட்டுமா, இட்லி வாங்கிட்டு வரட்டுமா?" மாத்திரை தீருமுன் வாங்குவது, சொந்தக்காரர்களின் போனுக்குப் பதில் சொல்வது, இவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுரை இல்லாமல் பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருவதும் உதவிதான்.

"நான் இல்லாட்டி எல்லாரும் நல்லா இருப்பீங்க" என்கிற மாதிரி பேச்சு வந்தால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. "ஆமா" என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டே அகற்றுங்கள், மாத்திரையை அன்றன்றைக்கு மட்டும் கையில் கொடுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கருதுகிறது.

சேலம் வாசகர்: மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரை ஆரம்பிச்சு 10 நாள். குமட்டல்தான் மிச்சம். நிறுத்திடவா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். இந்த மருந்தோடு உள்ள சங்கடமே அது. குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும், சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய அதற்கு மேலும் ஆகலாம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரச் சொல்வார்கள். சட்டென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு வரலாம். அதனால்தான் படிப்படியாகக் குறைப்பது. நடுவில் நிலைகொள்ளாத தவிப்போ சாகும் எண்ணமோ கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள், அவை குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரலாம்.

மதுரை வாசகர்: ராத்திரி 2 மணிக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஈசிஜி நார்மல்.

இது பதற்றத்தால் வரும் படபடப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் பெரிய பெரிய மூச்சாக இழுக்காதீர்கள். கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், பயம் இன்னும் ஏறும். நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, 5 நிமிடம். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை வாங்கிப் போடும் வழக்கம் வேண்டாம். பழகிவிட்டால் விடுவது கஷ்டம்.

விழுப்புரம் வாசகி: பிரைவேட்ல காட்ட வசதி இல்ல. வெளிய தெரிஞ்சிடுமோன்னும் பயம்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டுப் பார்க்கலாம். ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்கு (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) போன் செய்யுங்கள். 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் அதற்கான எண் 1926. உங்கள் விவரத்தை ரகசியமாக வைப்பது சிகிச்சை தருபவரின் சட்டப்படியான கடமை. போனில் என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் மூன்றே விஷயம்: எத்தனை வாரமாக, தூக்கமும் சாப்பாடும் எப்படி, சாகும் எண்ணம் உண்டா. துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே படியுங்கள்.