கேரட் பாத்தியில் முள்வால் பாம்பு: குருணை மருந்து போடலாமா?

கேள்வி: உதகைக்குப் பக்கத்தில் சோலைக்காட்டை ஒட்டி கேரட் போட்டிருக்கிறோம். கிளறும்போது ஒரு சாண் நீளத்தில் பழுப்புப் பாம்புகள் வருகின்றன. அடிவயிறு மஞ்சள், வால் நுனியில் முள். விஷமுள் என்று ஆட்கள் அடித்துவிடுகிறார்கள். கிழங்கிலும் ஓட்டை விழுகிறது. மண்ணில் தூவும் குருணைப் பூச்சி மருந்து போடலாமா?

பதில்: போட வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பெரோட்டெட் கேடயவால் பாம்புக்குப் பொருந்துகின்றன. மண்ணுளி வேறு, இது வேறு. கேடயவால் குடும்பமே தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும்தான் உண்டு. விஷம் கிடையாது. வால் நுனியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரு முனை கொண்ட முள் கொட்டாது. கையில் பிடித்தால் அதை அழுத்தும், அவ்வளவுதான்.

கிழங்கை இது தொடாது. தின்பது பெரும்பாலும் மண்புழு. தலை கூம்பி, மண்டை ஓடு கெட்டியாக இருக்கும். முன்னுடலில் தோலுக்குள்ளேயே முதுகெலும்பு மடிந்து, உடல் பருத்து வளைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிமானத்தில் தலை முன்னே பாயும். இறுகிய மண்ணில் இது நடக்காது. அதனால்தான் சோலை ஓரத்து ஈர மட்கு, கல்லடி, எருக்குழி ஓரம் என்று தங்குகிறது. மண் காய்ந்தால் ஆழத்துக்குப் போய்விடும், மழைக்கு மேலே வரும். முட்டையிடாமல் சில குட்டிகளே போடுவதால், அடித்து அழித்த இடத்தில் மறுபடி பெருகுவது மெதுவாகத்தான்.

ஓட்டைக்குக் காரணம் வெள்ளை வேர்ப்புழுவாக இருக்கலாம். ஓட்டை விழுந்த கிழங்கைச் சுற்றி அரை அடி மண்ணைக் கிளறுங்கள். பிறை போல் வளைந்த வெள்ளைப் புழு கிடைத்தால் அதுதான். மட்காத சாணி போட்டால் இது பெருகும். புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை ஏக்கருக்கு 2 கிலோ எடுத்து, 100 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது மாலையில் இடுங்கள். இந்தப் புழு வளர்ந்து கோடை மழைக்கு வெளிவரும் வண்டுகளை விளக்குப்பொறி வைத்துப் பிடியுங்கள். ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு தடை செய்யப்பட்டது. மற்ற குருணைகளும் மண்புழுவைக் கொல்லக்கூடும். மண்புழு போனால் இந்தப் பாம்புக்கும் இரை இல்லை.

மண்வெட்டிதான் இந்தப் பாம்புக்குப் பெரிய எமன். சோலைப் பக்கத்து இரண்டு பாத்தியிலாவது பல் உள்ள கொத்தால் கிளறுங்கள். வரப்புக் கற்களைப் பெயர்க்க வேண்டாம். பாம்பு வந்தால் மண்ணோடு சேர்த்து அள்ளி, நிழலில் ஈர மண்மேல் விடுங்கள். தானே புதைந்துகொள்ளும். வெயிலில் போட்டால் செத்துவிடும்.

ஆனால் எந்தப் பாம்பையும் வெறுங்கையால் தொட வேண்டாம். கழுத்து ஒடுங்கி முக்கோணத் தலை இருந்தால் குழிவிரியனாக இருக்கலாம். மெலிந்த உடலில் நீளவாக்கில் கறுப்புக் கோடும் சிவந்த வயிறும் இருந்தால் பவளப் பாம்பு. இரண்டுக்குமே விஷம் உண்டு. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.