முப்பது மீட்டர் ஓட்டமும் ஸ்டாப்வாட்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் பள்ளியில் மின்னணுக் கருவி இல்லை. ஸ்டாப்வாட்சில் எடுக்கும் 30 மீட்டர் நேரத்தை நம்பலாமா? (உடற்கல்வி ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

நம்பலாம்; ஆனால் அதை மின்னணு நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. தொடக்கத்தில் சைகையைக் கண்ட பிறகே விரல் பொத்தானை அழுத்துகிறது. முடிவுக் கோட்டிலோ மாணவர் ஓடிவருவதை முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருப்பதால் அந்தத் தாமதம் பெரும்பாலும் நேர்வதில்லை. ஆகவே கையால் எடுத்த நேரம் உண்மையைவிடக் குறைவாகவே வரும். 100 மீட்டருக்கு இந்த வேறுபாட்டை 0.24 விநாடி என்று தடகளத்தில் கணக்கிடுவது வழக்கம். நாலரை விநாடியில் முடிந்துவிடும் ஓட்டத்தில் அது மிகப் பெரிய பிழையாகும். விசில் ஒலி 30 மீட்டரைக் கடக்கவே ஏறத்தாழ 0.09 விநாடி ஆவதால், கொடியசைவைப் பார்த்து ஸ்டாப்வாட்சை இயக்குவது நல்லது. மூவர் தனித்தனியே எடுத்து, நடுவில் அமையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமும் அதே மூவரே எடுக்கட்டும்.

என் மகன் கபடி ஆடுகிறான். அவனுக்கு எத்தனை மீட்டர் சோதனை பொருந்தும்? (நாமக்கல்)

ஆடவர் கபடிக் களத்தின் நீளமே 13 மீட்டர்தான். ஒரு பக்கத்துக்கு ஆறரை மீட்டர். எனவே 5, 10 மீட்டர் நேரங்களே அவனுக்கு உதவும். புறப்படும் வேகமும் உச்ச வேகமும் வெவ்வேறு திறன்கள். 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 விநாடியில் ஓடியபோது முதல் 10 மீட்டருக்கு மட்டும் 1.89 விநாடி ஆயிற்று. 60-லிருந்து 80 வரையிலான 20 மீட்டரையோ 1.61 விநாடியில் கடந்தார். உச்ச வேகத்தை அறிய விரும்பும் ஓட்டவீரருக்கு, 30 மீட்டர் ஓடி வேகமெடுக்கவிட்டு, அதற்கடுத்த 20 மீட்டரை மட்டும் அளக்க வேண்டும்.

இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு தேவை? (தாராபுரம்)

30 மீட்டருக்குக் குறைந்தது மூன்று நிமிடம்.

ஆடி மாதத்தில் சோதனை நடத்தலாமா? (பல்லடம்)

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று நம் பகுதியில் எவ்வளவு பலமானது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பின்காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் 100 மீட்டர் நேரம் சாதனைக் கணக்கில் சேராது. இரு திசையிலும் ஓடவிட்டுச் சராசரி எடுக்கலாம் என்கிறார்கள்; எதிர்க்காற்று பறிக்கும் நேரம் பின்காற்று தரும் நேரத்தைவிட அதிகம் என்பதால் அது சரிவராது. காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில், மைதானத்தில் தென்வடலாகக் கோடு போட்டு நடத்துங்கள். அப்படியும் அமையவில்லையென்றால் புரட்டாசி வரை பொறுத்திருப்பதே மாணவர்களுக்கு நாம் செய்யும் நியாயம்.